நாங்கள் எங்கும் மாறிப் போகவில்லை

அன்று காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு மோடத்தில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. பதினோரு மணிக்கு என் மகள் ஆதிராவுக்கு அயர்லாந்து மருத்துவமனை ஒன்றின் நேர்காணல். லேப்டாப்பில், வீடியோவில்.

இதை எழுதும்போதும் என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. வயசாச்சு, அதான் இந்த அழுத்தம் என்கிறாள் என் மனைவி ஜெயா. கிடையவே கிடையாது. இது முழுக்க முழுக்கக் கோபம்.

ஆதிரா நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு டூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து படித்து, ஆங்கிலத் தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறி, அதன் பிறகு கிடைத்த நேர்காணல் அது. இதை விட்டால் அடுத்து எப்போது என்று கேட்டதற்கு ஏஜென்சிக்காரர், "அது கர்த்தருக்குத்தான் தெரியும்" என்று மேலே கையைக் காட்டினார். (நாங்கள் இந்துக்கள். இருந்தாலும் நானும் மேலே பார்த்தேன்.)

முதலில் எங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். குற்றம் எல்லாம் அந்த இடத்துடையது, என்னுடையது அல்ல. பாறசாலையைத் தாண்டித் தெற்கே வந்தால் கேரளம் முடிகிற இடத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. ஓடைக்கு இந்தக் கரையில் நாங்கள். அந்தக் கரையில் தமிழ்நாடு. எங்கள் ஹாலில் செல்போன் கேரளத்துக் கோபுரத்தைப் பிடிக்கும். அடுக்களைக்குப் போனால் 'தமிழ்நாட்டுக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று குறுஞ்செய்தி வரும். சாயா போடப் போகும் ஜெயாவுக்கு இப்படி நாள்தோறும் ஒரு மாநிலமே வரவேற்பு கொடுக்கிறது. நான் ஒருமுறைகூட அவளை வரவேற்றதில்லை என்பது அவளுடைய புகார்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவன். இடத்துக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பு எனக்குப் பிழைப்பு. அதனால்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில், "இந்த இன்டர்நெட் கம்பெனிய விட்டு ஆளெல்லாம் போயிட்டே இருக்கு, என்ன காரணம்ணு சாரே கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்று கேட்டபோது நான் வண்ணப் பென்சில்களோடு களத்தில் இறங்கினேன். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சார்ட் பேப்பரில் வரைபடம் போட்டேன். இன்றும் சொல்கிறேன், நல்ல வரைபடம் அது.

ஹைவே ஓரத்து வீடுகளுக்குச் சிவப்பு. அங்கே ரோடு அகலப்படுத்த ஜேசிபி வந்தால் மண்ணோடு கேபிளையும் அள்ளிக்கொண்டு போகும், ஆள் கம்பெனியை விட்டுப் போகும். ரப்பர் தோட்டத்துச் சரிவுக்குப் பச்சை. காற்றடித்தால் கிளை ஒடிந்து ஒயர்மேல் விழும். வாழை வயலை ஒட்டிய வீடுகளுக்கு மஞ்சள். அங்கே அணில் கடிக்கிறது. காரக்கோணம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த வாடகை வீடுகளில் சாயங்காலமானால் வேகம் போய்விடும். அதற்கு ஊதா. காட்டாக்கடையில் என் மைத்துனன் வீட்டருகே கதையே வேறு. அங்கே லைன் நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தும் போகிறார்கள். அடுத்த கம்பெனி அதைவிட நன்றாகக் கூப்பிடுகிறதாம். ஒரே கம்பெனி, ஒரே ஒயர். விட்டுப் போகும் காரணம் மட்டும் மண்ணுக்கு மண் மாறுகிறது என்று நான் சங்கக் கூட்டத்தில் விளக்கியபோது ஜெயாகூடக் கொட்டாவி விடவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல். எங்கள் ஓடைக்கரை. அங்கேதான் அதிகம் பேர் விட்டுப் போயிருந்தார்கள். ஜேசிபி இல்லை, ரப்பர் இல்லை, அணில்கூட இல்லை. ஏன் போனீர்கள் என்று கேட்டால், "ஒருக்க லைன் போயி போன் பண்ணிப் பாருங்க, அப்பம் தெரியும்" என்றார்கள். இது ஒரு பதிலா? எனக்கு லைன் போனதே இல்லை. ஆகவே ஓடைக்கரைக்குச் சாம்பல் நிறம் அடித்து, பக்கத்தில் 'மன உறுதி இல்லாமை' என்று எழுதினேன்.

கூட்டத்தில் அதை உரக்க வாசிக்கவும் செய்தேன். அடுத்த வீட்டு ஸ்டீபன் எழுந்தார். பல வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவர், கம்பெனியை முதலில் விட்டுப் போனவரும் அவர்தான்.

"சாரே, எனக்கா மன உறுதி இல்ல? பாலைவனத்துல ஒட்டகத்துக்க கூடக் கெடந்தவனாக்கும் நான்."

"ஸ்டீபன், புள்ளிவிவரம் சொல்லுது. நான் சொல்லல்ல."

"சரி. உங்களுக்கும் ஒரு நாள் லைன் போகும். அண்ணைக்கு நம்ம பேசுவோம்."

அந்த ஒரு நாள்தான் இந்த நாள்.

சிவப்பு விளக்கைப் பார்த்ததும் நான் பதறவில்லை. (பதறினேன். ஆனால் குரலில் காட்டவில்லை. குரலிலும் காட்டினேன் என்று ஆதிரா சொல்கிறாள்.) வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். மலையாளத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு என்றது இயந்திரம். வில்லேஜ் ஆபீசில் மலையாளம், ரேஷன் கடையில் மலையாளம், மீன் வாங்கினாலும் மலையாளம். என் வாழ்நாளில் தமிழுக்கென்று ஒரு பொத்தானை யாராவது எடுத்து நீட்டினால் அதை அழுத்தாமல் விட்டதில்லை. இரண்டை அழுத்தினேன். இந்த ஓடைக்கரையில் என்னைப் போன்ற எல்லாத் தமிழ் வீடுகளும் இரண்டைத்தான் அழுத்தியிருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு பெண் பேசினாள். இனிமையான குரல். இனிமையைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை.

"வணக்கம் சார். எந்த ஊர்ல இருந்து சார் பேசுறீங்க?"

"பாறசாலை பக்கம்."

"அது எங்க சார் இருக்கு? பக்கத்துல தெரிஞ்ச ஊர் ஏதாச்சும்?"

பூகோள ஆசிரியனிடம் இடம் கேட்டால் சும்மா இருப்பேனா? தமிழ் பேசும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டு ஊரைச் சொன்னால் எளிதாகப் புரியும் என்று, "களியக்காவிளைக்குப் பக்கம் அம்மா, ஓடையைத் தாண்டினால் நாங்கள்" என்றேன்.

"ஓகே சார், களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம். புகார் பதிவாயிடுச்சு. உடனே ஆள் வருவாங்க."

உடனே என்றால் உடனேதான். எனக்கு ஒரு அழைப்பு வந்தது. லைன்மேன் தங்கராஜ்.

"சாரே, நான் களியக்காவிளை சந்தை தாண்டி வாழைத் தோட்டத்துப் பக்கம் நிக்குதேன். வீடு எங்கண?"

"அப்படியே வடக்க பாத்து வாரும். ஓடையைத் தாண்டினா வலது பக்கம் கிணறு வச்ச வீடு."

அந்தப் பக்கம் பைக் எஞ்சின் அணைந்தது.

"ஓடை தாண்டவா? அது கேரளா அல்லியா சாரே?"

"ஆமா. கூப்பிட்டாக் கேக்குற தூரந்தான்."

"தூரமில்ல சாரே பிரச்சன. ஓடை வரைக்குந்தான் எனக்க ஏரியா. தாண்டி ஏணி வச்சா அந்தப் பக்கத்து ஆளுவ சண்டைக்கு வருவாவ. நீங்க கேரளாக்கு போன் விளிச்சுச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். எங்கள் அடுக்களைச் சன்னலிலிருந்து பார்த்தால், ஓடைக்கு அப்புறம் வாழைகளுக்கு நடுவே ஏணி கட்டிய ஒரு பைக் திரும்பிப் போவது தெரிந்தது. நான் கை அசைத்தேன். அவரும் மரியாதையாகக் கை அசைத்துவிட்டுப் போனார்.

மறுபடி அழைத்தேன். இந்த முறை கொள்கையைக் காற்றில் விட்டு ஒன்றை அழுத்தினேன். மலையாளத்துப் பெண் என் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"சார், ஈ நம்பரில் தமிழ்நாட்டில் ஒரு கம்ப்ளெயிண்ட் ஓப்பண் ஆணு. அது க்ளோஸ் செய்யாதெ இவிடெ வேறெ எடுக்கான் பற்றில்ல."

அங்கே திறந்து கிடக்கும் புகாரை மூடினால்தான் இங்கே புதிதாகப் புகார் எடுப்பார்கள். அங்கே மூட வேண்டுமென்றால் தங்கராஜ் என் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். தங்கராஜ் ஓடையைத் தாண்ட மாட்டார். இதை அவளுக்கு விளக்கினேன். "சரியாணு சார்" என்று முழு மனதோடு ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதோடு சரி.

நியாயமா இது? இந்த வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு மாநிலத்து மழையிலும் நனைகிறோம். இரண்டு மாநிலத்து மின்வெட்டையும் வேடிக்கை பார்க்கிறோம். ஒரு மோடத்துக்கு மட்டும் நாங்கள் யாருடைய பிள்ளையும் இல்லை!

ஆதிரா மேலே கோட்டு, கீழே வீட்டுப் பாவாடையோடு வந்து நின்றாள். "அப்பா, நான் போன் நெட்ல பேசிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

அந்த 'ஒண்ணும் செய்யாண்டாம்' என்பதைக் கேட்டிருக்க வேண்டும். போன் நெட்டில் லேப்டாப்பைத் தொடுத்தாள். ஹாலில் உட்கார்ந்தால் கேரளம் போதாமல் இழுத்தது. அடுக்களையில் தமிழ்நாடு வந்து வந்து போனது. இரண்டுக்கும் நடுவில், சாப்பாட்டு மேசையில், போன் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று முடிவு செய்ய முடியாமல் வரவேற்புச் செய்தியாகக் காட்டித் தள்ளியது.

"கேட்டியளா," என்றாள் ஜெயா. "ஸ்டீபன் வீட்டுல நல்ல நெட் உண்டு. மதிலுக்கு அங்க. பிள்ளைய அங்க கொண்டு இருத்துங்க."

"அங்கயா? என்ன மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்?"

"பிள்ளைக்க மூஞ்சிதான வீடியோல தெரியணும். உங்க மூஞ்சி எதுக்கு?"

அறிவுள்ள எந்தத் தகப்பனும் அந்த இடத்தில் மதிலைத் தாண்டியிருப்பான். நான் கார் சாவியை எடுத்தேன். எல்லைதான் பிரச்சினை என்றால் எல்லையைவிட்டு விலகிப் போவதுதான் பூகோள ரீதியான தீர்வு. கேரளத்துக்குள் ஆழமாக, ஒரே கோபுரம் உள்ள இடத்துக்கு.

ஹைவேயில் வடக்கே விரட்டினேன். பக்கத்தில் ஜெயா. பின்சீட்டில் ஆதிரா, மடியில் இரண்டு தலையணை, அதன்மேல் லேப்டாப். அமரவிளையில் பழைய செக்போஸ்ட் தாண்டி ஒரு மரநிழலில் நிறுத்தினேன். நெட் முழுக் கோடு காட்டியது. என்னுடைய வெற்றி முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஜெயா வெயில் விழும் கண்ணாடிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். சூடு தாங்காமல் மறுபக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டோம். அந்தக் கண்ணாடியை இறக்கியது யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

நேர்காணல் தொடங்கியது. மூன்று பேர், எல்லாரும் அன்பான முகங்கள். ஆதிரா அழகாகப் பேசினாள். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். தயங்காமல் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இரவெல்லாம் இருமும் யாரோ ஒருவரின் பக்கத்தில் இந்தப் பெண் நிற்கப் போகிறாள், அதுவும் கடல் கடந்து. அதை நினைத்ததும் நெஞ்சில் வேறு ஏதோ செய்தது. காரைவிட்டு இறங்கி நின்றேன்.

சும்மா நிற்க முடியவில்லை. அந்தக் கம்பெனியை அந்த நிமிடமே அறுத்துவிடுவது என்று முடிவு செய்து, அழைத்து, வெட்டிவிடச் சொன்னேன். பல கை மாறி ஒரு மேலதிகாரி வந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆங்கிலத்தில் கேட்டார், ஏன் விட்டுப் போகிறீர்கள் என்று. என் பாடத்தையே என்னிடம் கேட்கிறார்! ஓடை, எல்லை, இரண்டு பொத்தான், தங்கராஜ் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் இருந்த காரணங்கள் விலை அதிகம், வேகம் குறைவு, வீடு மாறுகிறார். இந்த மூன்றைத் தவிர வேறு காரணத்துக்காக மனிதன் கம்பெனியை விடக்கூடாதாம்.

"இரண்டு மாநிலமும் வரவில்லை என்று போடுங்கள்."

"அப்படி ஒன்று இதில் இல்லை சார். மாநிலம் சம்பந்தப்பட்டது என்பதால் வீடு மாறுகிறார் என்று போட்டுக்கொள்கிறேன். உங்கள் பகுதியில் எல்லாருக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் சாம்பல் நிறம். அந்த ஓடைக்கரை முழுவதும், ஸ்டீபன் உட்பட, கம்பெனிக் கணக்கில் வீடு மாறிப் போய்விட்டிருந்தது. மாநிலத்தைப் பிரித்துக் கோடு போட்டபோதுகூட நாங்கள் நகரவில்லை, கோடுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. எங்களைப் பார்த்து, இவன் யார், மாறிப் போய்விட்டீர்கள் என்று சொல்ல?

கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். தொண்டையும் நன்றாகத் திறக்கும்.

அதே வேளையில் காருக்குள், மூவரில் மூத்த அம்மையார் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். குடும்பத்தைவிட்டு எங்கள் நாட்டுக்கு இடம் மாறி வர நீ தயாரா, வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா?

ஆதிரா வாயைத் திறந்தாள். திறந்திருந்த கண்ணாடி வழியாக என் குரல் உள்ளே போனது. அதன் தமிழ் இது:

"முடியாது! நாங்கள் எங்கும் மாறிப் போக மாட்டோம்! என் அப்பா அந்த வீட்டில்தான் செத்தார், நானும் அந்த வீட்டில்தான் சாவேன்! யாரைக் கேட்டு நீங்கள் முடிவு செய்தீர்கள்?"

திரும்பிப் பார்த்தேன். ஜெயா கையில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. ஆதிரா முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். திரையில் அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்த அம்மையார், துக்க வீட்டில் பேசும் குரலில், "நீங்கள் முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள் குழந்தாய்" என்று சொல்லித் திரையை மூடினார்.

என் காதில் அந்த மேலதிகாரி, "நன்றி சார், வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில், பாறசாலை தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஆதிரா கேட்டாள்.

"அப்பா, உள்ளதச் சொல்லுங்க. அது கம்பெனிக்காரன்கிட்டதான் சொன்னியளா?"

"பின்ன யாருக்கிட்ட மக்கா?"

"இல்ல, கேட்டேன்."

"கம்பெனிக்காரன்கிட்டதான்."

கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். ரோட்டில் பார்க்க நிறைய இருந்தது.

அவளே அன்று சாயங்காலம் அவர்களுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினாள், ஓடையிலிருந்து ஆரம்பித்து. நான் திருத்தித் தருகிறேன் என்றதற்கு அறைக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வாரம் பதில் வந்தது. மீண்டும் பேசலாம், ஆனால் தகப்பனாரும் திரைக்கு முன்னால் வந்து, தமக்கு ஆட்சேபம் இல்லை என்று தம் வாயால் சொல்ல வேண்டும். வேறு எந்த நாட்டு வேலைக்காவது, எந்தப் பெண்ணின் அப்பாவையாவது இப்படி நிறுத்தியிருக்கிறார்களா? கல்யாணத்தில்கூட என்னை யாரும் இவ்வளவு அழுத்திக் கேட்டதில்லை.

இந்த முறை மதிலைத் தாண்டினேன். ஸ்டீபன் சட்டை மாற்றிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். அவர் வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு கேட்டேன்.

"மன உறுதி," என்றார். "எல்லாம் சேத்து அடிங்க சாரே. எடையில ஸ்பேஸ் இல்ல. நேத்து மாத்தினதாக்கும், உங்களுக்காவ."

அடித்தேன். லைன் பாய்ந்து வந்தது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, "உங்கள் மகள் இடம் மாறி வருவதில் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். பதில் ஒரே வார்த்தைதான். ஆனால் அதுவும் தங்கராஜைப் போல ஓடையைத் தாண்ட மறுத்தது. ஜெயா பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டாள். "சம்மதம்" என்றேன்.

ஆதிரா போய்விட்டாள். வேலை பிடித்திருக்கிறது, குளிர்தான் பிடிக்கவில்லையாம். தினமும் கூப்பிடுவாள். வணக்கம், சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் கிடையாது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அப்பா இப்பம் எந்த ஸ்டேட்டுல இருக்குதிய?" அங்கே அவளோடு வேலை செய்யும் பெண்களுக்கும் கதை தெரியும். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கை காட்டிச் சிரிப்பார்கள். நான் பதிலுக்குச் சிரிப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். (மதிலுக்கு அப்புறத்து மன உறுதியில்தான். நான் இன்னும் எந்தக் கம்பெனியையும் நம்பவில்லை.) கேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. பக்கவாட்டில் ஏணி கட்டியிருந்தது. அந்த ஏணி எனக்குத் தெரியும். அது ஓடைக்கு அப்புறம் வாழைகளுக்கு நடுவே திரும்பிப் போனதை நான் மறக்கவே மாட்டேன்.

"தங்கராஜா?" என்றேன்.

"தங்கராஜேதான் சாரே." நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இது கேரளாவாச்சே. ஓடையைத் தாண்டி எப்படி வந்தீர்?"

"இப்பம் என்னைய ஷிஃப்டிங்குக்கு மாத்தியாச்சு. வீடு மாறிப் போன ஆளுவளத் தேடிப் பிடிச்சு லைன் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு எந்த ஸ்டேட்டுக்கும் போலாம், எல்லை கெடையாது."

"கொள்ளாம், நல்ல வேலதான். அதுக்கு இங்க என்ன?"

கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார். கம்பெனி வரைபடம். ஓடைக்கரை முழுவதும், ஒரு வீடு விடாமல், சாம்பல் நிறம். என் போனில் ஆதிரா, "யாருப்பா வந்தது? யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

தங்கராஜ் என் வீட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

"நீங்க இந்த வீட்ட விட்டுப் போனதாட்டுதான் சாரே இதுல காட்டுது. எங்க மாறிப் போனியண்ணு சொல்லுங்க, லைன அங்க கொண்டு தாறேன்."